ஓவர்லாக் சொன்ன ‘இல்லை’

எங்கள் தையல் கூடத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. மிஷின் பெயர்தான் ஆள் பெயர். துணியின் ஓரம் பிரியாமல் அடிப்பவள் ஓவர்லாக். கழுத்துப்பட்டி வைப்பவள் காலர். நான் பொத்தான் தைப்பவள், அதனால் பட்டன். வயதுக்கு மரியாதையாகப் பட்டன் அக்கா. ஒருமுறை என் வீட்டுக்காரர் வாசலில் வந்து என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று காவலாளி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஓவர்லாக் எனக்கு நேர் முன்னால் உட்காருவாள். முப்பதைத் தொடாத வயது. வேலையில் சூரப்புலி, பேச்சில்தான் பஞ்சம். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள். என்ன சாப்பிட்டாய் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரே ஒரு ஆசையை மட்டும் கேட்காமலே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு பிள்ளை வேண்டும், ஒன்று போதும் என்பாள். கூடத்துக்கு யாராவது கைக்குழந்தையோடு வந்தால், மிஷினை நிறுத்திவிட்டு முதலில் கையை நீட்டுவது அவள்தான்.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவன், அவனுடைய அம்மா. கணவனின் அம்மாவை அவள் அத்தை என்பாள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். கணவன் குளிர்சாதன லாரி ஓட்டுகிறான். கிளம்பினால் வாரக்கணக்கில் சாலையில்தான் வாசம். அத்தைக்கு அந்த வருஷத் தொடக்கத்தில் நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றினார்கள். மனதுக்கு அதிர்ச்சி தருகிற எதையும் அவர் காதில் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதைப் புருஷனும் பெண்டாட்டியும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். டிவியில் யாராவது சாகப்போகிற மாதிரி இருந்தால் சேனலை மாற்றுவார்கள். பக்கத்து வீட்டு நாய் செத்தபோது, அதை உறவுக்காரர்கள் கூட்டிப்போய்விட்டார்கள் என்று சொல்லிவைத்தார்கள். அத்தை பாவம், அந்த நாய் எப்போது திரும்பும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

வெள்ளைக் கோட்டு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. மேஜை, கூடை, தரை, எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துணி. ஓவர்லாக் மட்டும் தினமும் கறுப்பு உடையில் வந்தாள். முக்காலியின் மேல் கறுப்புத் துணியை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. நான் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அவளுடைய ஒன்றுமில்லைக்கு நான் மதிப்பெண் கொடுத்ததே கிடையாது, ஆனாலும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் பாதித் தையலில் இரண்டு கையையும் துணியிலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கொண்டாள். அப்படியே எழுந்து, பின்னாலேயே நடந்து, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கால் வழியாக ரத்தம் இறங்கிச் செருப்பை நனைத்துத் தரையில் வழிந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“அக்கா, துணியில படலயே?”

கழிவறையில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் அடித்தேன். அப்போதுதான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். சில மாதங்களாகவே இப்படியாம். மாதாமாதம் வருவது போல இல்லை. முன்னறிவிப்பே இல்லாமல் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும், பிறகு யாரோ மூடிவிட்ட மாதிரி நின்றுவிடும். தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, ரத்தம் பாட்டுக்கு ரத்தம். கணவனிடம் பாதி சொல்லியிருக்கிறாள், அத்தையிடம் மூச்சுவிடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே வைத்துத் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் அவள் செருப்பைக் கழற்றிக் கழுவினேன்.

அவள் கூடத்தில் விழப்பார்த்த செய்தி எப்படியோ அத்தையின் காதுக்குப் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, கிளம்பு டாக்டரிடம் போகலாம் என்று முதலில் நின்றவரே அவர்தான். மகன் சாலையில் இருந்ததால் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேனில் கருப்பைச் சுவரில் ஓரிடம் தடித்து, ஒழுங்கில்லாமல் தெரிந்தது. கர்ப்பம் இல்லை என்று பரிசோதனை சொன்னது. உள்ளே ஒருவர்தான் கூட வரலாம் என்றார்கள். மருமகளைத் தனியாக டாக்டரிடம் அனுப்புவது அத்தையின் அகராதியிலேயே கிடையாது. அது அதிகாரம் இல்லை, பாசம்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் திரைக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அங்கே இருந்த ஆண் டாக்டர் எல்லாவற்றையும் முறையாகத்தான் கேட்டார். “இதுக்கு முன்னாடி கர்ப்பம் ஏதாவது கலைஞ்சு, சுத்தம் பண்ணியிருக்கா?”

“இல்ல,” என்றாள் ஓவர்லாக்.

அது பொய். எனக்குத் தெரிந்தது பிறகுதான் என்றாலும், ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அத்தை நெஞ்சில் தையலோடு பின்னறையில் படுத்திருந்த நாட்களில்தான் அவளுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மூன்று மாதம் முடியட்டும், அத்தையும் எழுந்து உட்காரட்டும், இரண்டு சந்தோஷத்தையும் சேர்த்துச் சொல்லலாம் என்று இருவரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அதற்குள் ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. கணவன் அவளை ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். சுத்தம் செய்தார்கள். சாயங்காலமே வீடு திரும்பி, ஓவர்டைம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். பேரப்பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருந்த மனுஷிக்கு, ஒன்று வந்து போனதே தெரியக் கூடாது என்பது அவர்கள் முடிவு. அதே மனுஷி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இவள் வேறு என்ன சொல்லுவாள்.

அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் டாக்டர் வேறு மாதிரி யோசித்திருப்பார். இல்லை என்றதால், உள்ளே வளர்ந்திருக்கும் சதையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், ரத்தமும் நிற்கும் என்று முடிவு செய்தார். ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற கலர் ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று அவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால் அவர் கேட்டார், இவள் மறைத்தாள். யாரைப் போய்க் குற்றம் சொல்வது.

சின்ன வேலை, மத்தியானம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் உள்ளே கூட்டிப்போனார்கள். அத்தையும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஒரு நர்ஸ் ஓடினாள். இன்னொருத்தி ஓடினாள். ரத்தம், இன்னும் ரத்தம் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டாக்டர் வெளியே வந்தபோது அவர் வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் முழுக்கச் சிவந்திருந்தது. அந்த மாதிரி கோட்டுகளைத்தான் நாங்கள் அந்த மாதம் முழுக்கத் தைத்துக்கொண்டிருந்தோம். சுரண்ட ஆரம்பித்ததும் கொட்டத் தொடங்கிவிட்டது, ஒரு பலூனை உள்ளே வைத்துத் தண்ணீர் ஏற்றி அழுத்தியிருக்கிறேன், இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

ஆம்புலன்ஸில் அத்தையை முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அவள் உதடு துணி மாதிரி வெளுத்திருந்தது. பேசாதே என்றால் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் வாயே திறக்காதவள் அன்றைக்குப் பார்த்துப் பேசினாள். எடுத்துவிடுவார்களா என்று கேட்டாள். எதை என்று நான் கேட்கவில்லை. உயிர்தான் முக்கியம் என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு என் மீது வெறுப்பாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பலூன் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததால் கொட்டுவது மட்டுப்பட்டது. அங்கே இருந்த பெரிய டாக்டர் ஒரு பெண்மணி, காதோரம் நரைத்தவர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். பலூனைத் தளர்த்தினால் திரும்பவும் கொட்டுகிறது, இப்படியே வைத்திருக்க முடியாது, கருப்பையை எடுப்பதற்கு ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்றார். கணவனுக்குப் போன் போட்டோம். எங்கோ ஒரு சாலையோரத்தில் லாரியை நிறுத்திவிட்டு அழுதான். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு அவளை மட்டும் கொடுத்துவிடச் சொன்னான். சுத்தம் செய்த விஷயத்தை அவன் எடுக்கவே இல்லை. அதையெல்லாம் அவள் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “அக்கா, ஒண்ணு போதும்னுதானே கேட்டேன்,” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரிய டாக்டர் போவதற்கு முன் கட்டிலருகே நின்று இன்னொரு முறை கேட்டார். கர்ப்பம் தரித்ததே இல்லையா, எப்போதாவது கலைந்து சுத்தம் செய்ததுண்டா என்றார். அத்தை அவள் தலைமாட்டில் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். ஓவர்லாக்கின் கண் அத்தையின் கழுத்துக்குக் கீழே, அந்தத் தையல் தழும்பின் நுனி தெரிகிற இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

“இல்ல டாக்டர்,” என்றாள்.

கருப்பை போகப்போகிறது, ஒருவேளை உயிரும் போகலாம். அப்போதும் இல்லை. இப்போது நினைத்தாலும் அவளை உலுக்க வேண்டும் போல இருக்கிறது எனக்கு.

டாக்டர் தாழ்வாரத்தில் பாதி தூரம் போயிருப்பார். அத்தை பையை என் கையில் திணித்துவிட்டு வெளியே நடந்தார். நடந்தாரா, ஓடினார் என்றே சொல்ல வேண்டும். நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு ஓடினார். இவரும் விழுந்து தொலைக்கப்போகிறாரே என்று நானும் பின்னாலேயே ஓடினேன். டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க அவர் சொன்னது இது.

“டாக்டர், அவ எனக்காகப் பொய் சொல்றா. அவளுக்கு ஒண்ணு கலைஞ்சுது. இந்த வருஷம்தான், நான் நெஞ்சைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்ப. சுத்தமும் பண்ணியிருப்பாங்க.”

டாக்டர் நின்றுவிட்டார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுத்தால் எனக்குக் கேட்காதா என்றார் அத்தை. ஒரு நாள் ஓவர்டைம் என்று வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாளாம். அதற்குப் பிறகு வாந்தி இல்லையாம். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவள் இன்னும் உடைந்துபோவாள், அதனால் தெரியாதவளாகவே இருந்துவிட்டேன் என்றார். அந்தக் கேள்வி இவ்வளவு பெரிய கேள்வி என்று முதல் டாக்டர் கேட்டபோது அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறையும் அதையே கேட்டதும்தான் ஏதோ இருக்கிறது என்று பட்டிருக்கிறது. சொல்லிவிட்டு, நான் சொன்னேன் என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள் என்று டாக்டரிடமும் என்னிடமும் கெஞ்சினார்.

டாக்டர் அறைக்குத் திரும்பிவந்து எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு அவளைத் தனியாகக் கேட்டார். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாளாம். அவளும் ஒரு நிபந்தனை போட்டாளாம், அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது என்று. நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கத்து ரகசியத்தையும் சுமந்துகொண்டு நின்றேன். இரண்டு பேரையும் பிடித்து மண்டையோடு மண்டை மோதவிடலாம் போல இருந்தது.

ஆபரேஷன் அறையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு கலர் ஸ்கேன் மிஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவு சரியாகச் சாத்தாததால் திரை எனக்கும் தெரிந்தது. முதலில் சாம்பல் நிறம். ஏதோ பொத்தானைத் தட்டினார்கள், தடித்திருந்த அந்த இடம் முழுக்கச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கொதித்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர் பெரிய டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். பெரிய டாக்டர் மெதுவாக மூச்சை விட்டார்.

பிறகு வெளியே வந்து அத்தைக்கும் எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். இது கட்டி இல்லை, புற்று இல்லை, மிச்சம் தங்கிய சதையும் இல்லை. ரத்தம் கொண்டுவருகிற குழாயில் வேகம் அதிகம். அது நூல் நூலாகப் பிரிந்து, வேகம் தணிந்து, அதன் பிறகுதான் திரும்பிப் போகிற குழாயில் சேர வேண்டும். சுரண்டிய புண் ஆறும்போது மிக அபூர்வமாகச் சிலருக்கு இரண்டு குழாயும் நேரடியாக ஒட்டிச் சிக்கலாகிவிடுமாம். அந்தச் சிக்கலின் மேல் மறுபடியும் சுரண்டினால் கொட்டாமல் என்ன செய்யும். அவர் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் பார்த்திருக்கிறாராம். கருப்பையை எடுக்காமல் அந்தச் சிக்கலை மட்டும் அடைக்க ஒரு வழி உண்டு, அதற்கான டாக்டர் இதே கட்டிடத்தில் இருக்கிறார், முயற்சி செய்யலாம் என்றார். அடைபடாமலும் போகலாம், அப்போது எடுத்தே ஆக வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

தொடையில் ஊசி போடுகிற அளவு துளை. அதன் வழியாக மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, படம் பார்த்துக்கொண்டே கருப்பை வரை கொண்டுபோய், அடைக்கிற மருந்தை அங்கே செலுத்துவார்களாம். அவளுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. அடிவயிறு தீயாகப் பிசைந்தது என்று பிறகு சொன்னாள். வெளியே அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. நானும் ஏதாவது வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினால், கறுப்பு உடையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவள்தான் வந்து நின்றாள்.

முடித்துவிட்டோம் என்றார்கள், ஆனால் முடிந்ததா என்று பலூனை எடுத்தால்தான் தெரியும். மறுநாள் காலை பெரிய டாக்டரே வந்தார். பலூனில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் இறக்கினார், காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஓவர்லாக் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு என் கையை நொறுக்கிவிடுவது போலப் பிடித்திருந்தாள். கடைசியில் பலூன் வெளியே வந்தது. அவளுக்கடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார்கள். நர்ஸ் வந்து பார்த்தாள், போனாள். வந்து பார்த்தாள், போனாள். நானும் அந்தத் துணியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ வெள்ளைத் துணி பார்த்தவள் நான். ஒரு துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று இப்படித் தவித்ததில்லை. மத்தியானச் சாப்பாடு வந்தபோதும் அது வெள்ளையாகவே இருந்தது.

வீட்டுக்குப் போன பிறகும் நாடகம் தொடர்ந்தது. மகன் லாரியை விட்டுவிட்டு ஓடிவந்தான். அவனும் சேர்ந்துகொண்டான். வயிற்றில் ஒரு ரத்தக்குழாய்க் கோளாறு, சரியாகிவிட்டது என்று அவர்கள் அத்தையிடம் சொன்னார்கள். அப்படியா என்று அத்தை கேட்டுக்கொண்டார். நான் பார்க்கப் போகிறபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சில மாதம் கழித்து மறுபரிசோதனை. லாரி மறுபடியும் சாலையில் இருந்ததால் பழையபடி நாங்கள் மூன்று பேர். இந்த முறை ஸ்கேனில் கொதிப்பு இல்லை, அந்த இடம் கறுத்து அடங்கியிருந்தது. பெரிய டாக்டரின் அறையில் புதிதாக ஓர் இளம் பெண் டாக்டர் விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்பதுபோல, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள், இதற்கு முன் கர்ப்பம் உண்டா என்று.

அத்தை மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இவள் இப்போதும் அதே வார்த்தையைச் சொன்னால் எழுந்து போய்விடுவது என்று முடிவு கட்டினேன்.

“ஒண்ணு,” என்றாள் ஓவர்லாக். “தங்கல.”

அத்தை அதிர்ந்துபோகவில்லை, என்ன என்று கேட்கவும் இல்லை. பையின் காதைத் திருகிய கை மட்டும் நின்றது. அதைப் பார்த்ததுமே ஓவர்லாக்குக்குப் புரிந்துவிட்டது, அத்தைக்கு எல்லாம் தெரியும், முன்பே தெரியும் என்று. இனி குழந்தைக்கு முயற்சி செய்யலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டது அத்தைதான். கொஞ்ச காலம் போகட்டும், தடை ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உண்டானால் முதல் நாளே இங்கே வந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். முதல் நாளே என்று அழுத்திச் சொன்னார்.

வெளியே மருந்து வாங்குகிற இடத்தில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அன்னைக்கு ஓவர்டைம்னு சொல்லிட்டு வந்தியே, உனக்கு யாரும்மா வெந்நீர் வச்சுக் கொடுத்தா?”

ஓவர்லாக் கொஞ்சம் யோசித்தாள்.

“உங்களுக்கு வச்சதுலதான் அத்தை, கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்.”

அத்தை அவள் தலையைப் பிடித்து இழுத்து, தையல் போட்ட அந்த நெஞ்சிலேயே சாய்த்துக்கொண்டார். வலிக்கும் அத்தை என்று அவள் விலகப் பார்த்தாள். அவர் விடவில்லை.